88 எடுத்த பெண்ணுக்குக் கணக்கு வராமல் போகுமா?

கேள்வி: என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 88 எடுத்தாள். இப்போது காலாண்டுத் தேர்வில் 90-க்கு 24. நாங்கள் யாரும் திட்டவில்லை, ஆனாலும் ராத்திரியில் அழுகிறாள். டியூஷன் சார், "இவளுக்குக் கணக்கு வராதும்மா, குரூப்பை மாத்திடுங்க" என்கிறார். அவள் அப்பாவும் காமர்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை. நாங்கள் இருவரும் பத்தாவதைத் தாண்டவில்லை. ஐந்து மா நிலம், அதில்தான் ஜீவனம். என்ன செய்வது? விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

குரூப்பை மாற்ற வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடியும்வரை அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். உங்கள் மகளுக்குக் கணக்கு வரும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய விடைத்தாளை இரண்டு தடவை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டப் பள்ளிகளில் கணக்கு எடுத்தவள் நான். 24 மார்க் வாங்கிய தாள்கள் எத்தனையோ என் கையில் திருத்தப்பட்டுப் போயிருக்கின்றன. எல்லா 24-ம் ஒரே மாதிரி இல்லை. ஒரு மார்க் கேள்விகளில் குத்துமதிப்பாக எதையாவது எழுதிவிட்டு, மீதியை வெள்ளைத் தாளாக விடுவதால் வரும் 24 உண்டு. பக்கம் பக்கமாக எழுதி, நல்லபடியாகத் தொடங்கி, பாதி வழியில் இடறி விழுவதால் வரும் 24-ம் உண்டு. உங்கள் மகளுடையது இரண்டாவது வகை. அவள் எங்கெங்கே இடறினாள் என்று பார்த்தால், மொத்தத் தாளிலும் மூன்றே இடம்தான்.

முதலாவது. டேன் தீட்டாவையும் காட் தீட்டாவையும் கூட்டச் சொல்லும் கணக்கு. டேன் என்றால் சைன் பை காஸ், காட் என்றால் காஸ் பை சைன் என்று சரியாக மாற்றிவிட்டாள். அடுத்த வரியில் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள். இரண்டும் ஒன்றாகிவிட்டதால் விடை 1 என்று எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டிருக்கிறாள். இதில் முக்கோணவியல் தவறு ஒன்றுமே இல்லை. பின்னக் கூட்டல்தான் தவறு. அது ஆறாம், ஏழாம் வகுப்புப் பாடம்.

இதைப் பார்த்ததும் எனக்குப் பழைய மாணவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் பதினொன்றாம் வகுப்புதான், அவளும் இதே மாதிரிதான் கூட்டுவாள். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தாளில் அரையும் காலும், அதாவது 1/2-ம் 1/4-ம் எழுதிக் கூட்டச் சொன்னேன். 2/6 என்று எழுதினாள். தாளை மூடிவிட்டு, "உங்க அப்பாவுக்கு அரை மா இங்க இருக்கு, கால் மா அங்க இருக்கு, மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "முக்கால் மா டீச்சர்" என்றாள். "எப்படி?" என்றேன். "அரைன்னா ரெண்டு கால், அதோட ஒரு கால், மூணு கால்." அவ்வளவுதான், அம்மா. பகுதியைச் சமமாக்கிவிட்டுக் கூட்டுவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே அந்த விதி உட்கார்ந்திருக்கிறது. அவள் வாய்க்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

நம் டெல்டாவில் இது நடப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மா என்ற சொல்லுக்கே பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு என்றுதான் பொருள். அரைக்கால், வீசம், காணி என்று இறங்கி, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னத்தைப் பேச்சிலேயே வைத்திருந்த மண் இது. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏதோ வெளியூர்ச் சரக்கு மாதிரி தோன்றுகிறதென்றால், பேச்சில் இருப்பதை நாங்கள் வகுப்பில் எடுத்துக் கோத்துக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது இடம். சைன் 75 டிகிரியின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு. 75 என்பதை 45, 30 என்று பிரித்திருக்கிறாள், அது சரி. ஆனால் சைன் 45-ஐயும் சைன் 30-ஐயும் தனித்தனியே எழுதிக் கூட்டிவிட்டாள். தோராயமாக 0.707-ம் 0.5-ம் சேர்ந்து 1.207 ஆகிவிட்டது. சைன் மதிப்பு எந்தக் கோணத்துக்கும் 1-ஐத் தாண்டாது. சரியான விடை ஏறத்தாழ 0.966. இங்கே சூத்திரம் மறந்துபோனது சின்ன விஷயம். சைன் என்பதை அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் ஓர் எண் மாதிரி நினைத்து, உள்ளே இருப்பவற்றுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதுதான் பெரிய விஷயம். சைன் ஓர் எண் கிடையாது. அது ஒரு சார்பு. உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்றைத் தரும். ரைஸ் மில்லில் இரண்டு மூட்டையைச் சேர்த்துப் போட்டாலும் தனித்தனியாகப் போட்டாலும் ஒரே அரிசிதான் வரும், ஆனால் எல்லா மெஷினும் அப்படி நடந்துகொள்ளாது. இரண்டின் வர்க்கம் 4, மூன்றின் வர்க்கம் 9, இரண்டும் சேர்ந்த ஐந்தின் வர்க்கம் 25. 13 இல்லை. எட்டாம் வகுப்பு முற்றொருமையில் ஏ-யும் பி-யும் கூட்டி வர்க்கம் எடுக்கும்போது நடுவில் இரண்டு ஏபி ஏன் வருகிறது என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். சூத்திரத்தைச் சொல்லிவிடுவாள். ஏன் என்பதற்குப் பதில் வராது என்று நினைக்கிறேன். அந்த ஏன்-தான் இங்கே கழுத்தைப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது இடம் ஓர் அசமன்பாடு. மைனஸ் 2 எக்ஸ், 6-ஐவிடச் சிறியது, எக்ஸ் என்ன? அவள் விடை, எக்ஸ் மைனஸ் 3-ஐவிடச் சிறியது. குறி திரும்பியிருக்க வேண்டும், மைனஸ் 3-ஐவிடப் பெரியது என்று வர வேண்டும். மைனஸால் வகுத்தால் குறி திரும்பும் என்று மனப்பாடம் செய்தவர்கள் மறப்பார்கள். உரக்கடையில் இரண்டாயிரம் கடன் வைத்தவர், மூவாயிரம் கடன் வைத்தவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. 2, 3-ஐவிடச் சிறியது. மைனஸ் 2, மைனஸ் 3-ஐவிடப் பெரியது. விஷயம் இவ்வளவுதான். எக்ஸுக்கு 0 போட்டுப் பார்த்திருந்தால்கூட விடை தப்பென்று அவளே பிடித்திருப்பாள்.

இந்த மூன்றும்தான் அம்மா, 90-ல் பெரும்பங்கைக் கொண்டுபோயிருக்கின்றன. மூன்றில் ஒன்றின் வேர்கூடப் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் கிடையாது.

இப்போது நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது வேறொரு பக்கம். நீங்கள் அனுப்பியதில் நாலாவது படம். எக்ஸ் வர்க்கம் என்ற சார்பு ஒன்றுக்கொன்றானதா என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகள், "இல்லை, 2 கொடுத்தாலும் 4 வருகிறது, மைனஸ் 2 கொடுத்தாலும் 4 வருகிறது, அதனால் ஒன்றுக்கொன்று இல்லை" என்று தன் சொந்த வார்த்தையில் எழுதியிருக்கிறாள். அருமையான விடை. புத்தகத்து வாசகம் இல்லை, அவளே யோசித்தது. அப்புறம் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எதையோ மனப்பாடமாக எழுதியிருக்கிறாள். அதற்குச் சுழி. சரியாக எழுதியதை அடித்துவிட்டு, தப்பை எழுதி மார்க்கை இழந்திருக்கிறாள். "இவளுக்கு வராது" என்று ஒருவர் சொல்லிச் சொல்லி, தன் தலையில் உதிப்பது தப்பாகத்தான் இருக்கும் என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அந்த டியூஷனை நிறுத்திவிடுங்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே ஒரு பிள்ளை கணக்குப் படிக்க முடியாது.

கணக்கு பிறவியிலேயே வர வேண்டும் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். அவருக்கு இருந்தது பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டு என்று அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துத்தான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

சரி, இத்தனை ஓட்டையை வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பில் 88 எப்படி வந்தது என்று உங்களுக்குத் தோன்றும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, அவள் உழைத்து வாங்கியதுதான். ஆனால் அந்தத் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். 100-க்கு 14 மார்க், ஒரு மார்க் கேள்விகள். அதில் பெரும்பாலும் பாடத்தின் பின்னால் இருப்பவையே வரும். வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, வளைவரை எல்லாம் கை பழகிவிட்டால் முழு மார்க்கும் நிச்சயம். இந்த 30-ஐ வாங்கிவிட்டு, மீதி 70-க்குப் புத்தகப் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாலே 88-க்கு வந்துவிடலாம். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெரிந்தால் போதும். வழி ஏன் அப்படிப் போகிறது என்று தெரியாவிட்டாலும் மார்க் வரும். நானே எத்தனையோ பிள்ளைகளை அப்படித்தான் தேற்றினேன். ரிசல்ட் வேண்டும் என்ற நெருக்கடியில் செய்தோம். அதில் பலர் பதினொன்றாம் வகுப்பில் வந்து திணறியதைப் பார்த்த பிறகுதான், நாங்கள் கடனை அடைக்கவில்லை, தள்ளித்தான் வைத்தோம் என்று எனக்குப் புரிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் அந்த வழி செல்லாது. பத்தாம் வகுப்பில் எட்டுப் பாடம், இங்கே பன்னிரண்டு. ஒவ்வொன்றும் கனமானது. முக்கோணவியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் விகிதம் அறிமுகமாகிறது. பத்தாம் வகுப்பில் முற்றொருமைகள், கோபுரத்தின் உயரம் காண்பது. எல்லாமே செங்கோண முக்கோணத்துக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரே பாடத்தில் ரேடியன் வருகிறது, கோணம் 90-ஐத் தாண்டி எங்கெங்கோ போகிறது, கூட்டுக் கோணம், மடங்குக் கோணம், முக்கோணவியல் சமன்பாடு எல்லாம் வருகின்றன. நாற்பதுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். மனப்பாடத்தை நம்பிய பிள்ளை இந்த ஒரு பாடத்திலேயே மூச்சு வாங்கிவிடும். நாலைந்து சூத்திரத்திலிருந்து மற்றவற்றை வருவித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குச் சுமை இல்லை. அப்படி வருவிப்பதற்குத்தான் பின்னமும் முற்றொருமையும் மைனஸ் குறியும் கையில் சுத்தமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, பெற்றோர் பலருக்குத் தெரியாதது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முதல் சில வாரங்களிலேயே திசையும் சேர்ந்த அளவான வெக்டரும், ஒன்று மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுவும் வந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. கணக்கு வாத்தியார் சொல்லித் தருவதற்கு முன்பே இயற்பியலில் அதைப் போட வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு இயற்பியலிலும் மார்க் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், பயப்படவும் வேண்டாம். இயற்பியல் ஆசிரியரிடம் நேராகப் போய், "சார், இந்த வெக்டர் மட்டும் ஒருநாள் தனியா சொல்லிக் கொடுங்க" என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதினொன்றாம் வகுப்பை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டில் வரும் பாடங்களின் பெயரைப் பார்த்தாலே தெரியும்: அணிகளின் பயன்பாடு, வெக்டரின் பயன்பாடு, வகை நுண்கணிதத்தின் பயன்பாடு, தொகையிடலின் பயன்பாடு. பயன்படுத்த வேண்டிய பொருள் முழுக்கப் பதினொன்றில் இருக்கிறது. 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, சில பள்ளிகள் அந்த வருஷப் பாடத்தைத் தள்ளிவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவியதுதான். பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லையே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. அரையாண்டுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. நடுவில் தீபாவளி, மழை லீவு எல்லாம் வரும். முதல் நான்கு வாரத்துக்கு வீட்டில் பதினொன்றாம் வகுப்புக் கணக்கைத் தொட வேண்டாம் என்று சொல்லுவேன். பள்ளியில் நடப்பதைக் கவனிக்கட்டும், வீட்டுப்பாடம் எழுதட்டும், அது போதும். காலையில் 40 நிமிஷம், எட்டாம் வகுப்புப் புத்தகமும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகமும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கலாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகமும் காசில்லாமல் கிடைக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் காணொலிப் பாடம் இருக்கிறது. சிக்னல் இருக்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டியதில்லை. பின்னக் கூட்டல், கழித்தல், வகுத்தல் ஒரு வாரம். எண்ணில் தொடங்கி எழுத்துக்கு வர வேண்டும். முற்றொருமையும் காரணிப்படுத்துதலும் இரண்டு வாரம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரமோ செவ்வகமோ வரைந்து, பரப்பாகப் பிரித்துக் காட்ட வேண்டும். வரப்பு போட்டுப் பாத்தி பிரிக்கிற மாதிரிதான், ஒரு பக்கம் ஏ-யும் பி-யும், இன்னொரு பக்கம் ஏ-யும் பி-யும், நாலு பாத்தி. அதில் ஏபி இரண்டு பாத்தி என்பது கண்ணுக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பு அடுக்குகள், விகிதமுறா மூலங்கள் ஒரு வாரம். மைனஸ் குறிக்குத் தனி வாரம் வேண்டாம், தினமும் ஐந்து கணக்கு அதில் போட்டுவிட்டுத் தொடங்கினால் போதும்.

பதினொன்றாம் வகுப்புப் பெண் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்திருப்பதில் அவளுக்குக் கூச்சம் இருக்கும். அதற்குத்தான் காலை நேரம் சொன்னேன், தோழிகள் யாரும் பார்க்க மாட்டார்கள். நடவு வேலை நடக்கும் நாட்களில் காலையில் வீட்டு வேலை அவள் தலையில் விழுவது எனக்குத் தெரியும். இந்தப் பத்து வாரத்துக்கு மட்டும் அந்த 40 நிமிஷத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள்.

அப்புறம் நீங்கள் இருவரும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அது தடையே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், அன்றைக்குப் போட்ட ஒரே ஒரு கணக்கை உங்களுக்குச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் "இது ஏன்?" என்று கேளுங்கள். சரியா தப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. விளக்கிச் சொல்லும்போது எங்கே வார்த்தை தடுக்குகிறதோ அங்கேதான் ஓட்டை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து பதினொன்றுக்கு வரட்டும். காலாண்டு விடைத்தாளையே எடுத்து, மார்க் போன ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும். அதன்பின் நடப்புப் பாடம். அரையாண்டில் 70 வர வேண்டும் என்றெல்லாம் இலக்கு வைக்காதீர்கள். 45 வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆண்டுத் தேர்வில் இன்னும் ஏறும்.

நுண்கணிதம் என்ற பெயரைக் கேட்டே பிள்ளைகள் மிரள்வார்கள். அது வரும்போது அவள் அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மேட்டூர் நிலவரத்தைத் தினமும் பார்க்கிறவர்தானே? நீர்வரத்து வினாடிக்கு 15,000 கன அடி, திறப்பு 5,000 கன அடி என்று செய்தியில் சொன்னால், அணையில் வினாடிக்கு 10,000 கன அடி ஏறுகிறது என்று உடனே சொல்லிவிடுவார். அந்த ஏறும் வேகம்தான் வகைக்கெழு. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியே ஒரு நாள் முழுக்க ஏறினால் 86.4 கோடி கன அடி. 100 கோடி கன அடி ஒரு டி.எம்.சி. என்பதால் அது 0.864 டி.எம்.சி. வேகத்தை நேரத்தால் பெருக்கி, ஏறிய தண்ணீரைக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் தொகையிடல். வரத்து மணிக்கு மணி மாறிக்கொண்டே இருந்தால் சின்னச் சின்ன நேரமாகப் பிரித்துக் கூட்ட வேண்டும், பாடமே அவ்வளவுதான். 120 அடியில் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி. ஆனால் 60 அடி இருந்தால் அதில் பாதித் தண்ணீர் இருக்காது, நன்றாகவே குறைவாக இருக்கும். மேலே போகப் போக அணை அகலம். உயரத்துக்கும் இருப்புக்கும் உள்ள அந்த உறவை நேர்க்கோடாக வரைய முடியாது என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு அதை வளைவரையாக வரையத் தெரியும். ஜூன் 12 அணையைத் திறப்பார்களா, குறுவை போடலாமா என்று கணக்குப் போடும் வீட்டில் நுண்கணிதம் அந்நியம் இல்லை.

குரூப் விஷயத்துக்கு வருகிறேன். காமர்ஸ் மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். வங்கி, ஆடிட்டிங், பி.காம்., சட்டம் என்று அவள் ஆசைப்பட்டிருந்தால் முதல் ஆளாக மாற்றச் சொல்லியிருப்பேன். மருத்துவம்தான் ஆசை என்றால் கணக்கில்லாத அறிவியல் குரூப்பே போதும். ஆனால் அவளுக்கு இன்ஜினியரிங் ஆசை. அதற்கு 200-க்குப் போடும் கட்-ஆஃபில் கணக்குக்கு முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50. கணக்கை விட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பயந்துபோய்க் கதவை மூடக் கூடாது.

காமர்ஸுக்குப் போனாலும் இப்போது போவது லாபமில்லை. கணக்குப்பதிவியலில் முதல் மூன்று மாதம்தான் பற்று வரவு விதி, குறிப்பேடு, பேரேடு எல்லாம் நடந்திருக்கும். அந்த அடித்தளம் இல்லாமல் நடுவில் போய் உட்கார்ந்தால், இங்கே இருக்கும் அதே ஓட்டை அங்கேயும் விழும். வணிகக் கணிதம் எடுக்கலாமே என்பார்கள். நல்ல பாடம், ஆனால் அதிலும் அணிகள், முக்கோணவியல், வகை நுண்கணிதம் எல்லாம் இருக்கின்றன. மைனஸ் குறி அங்கேயும் காத்துக்கொண்டிருக்கும்.

செலவை நினைத்து அவள் அப்பா தயங்கினால் இதைச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பன்னிரண்டில் கட்-ஆஃப் எதிர்பார்த்தபடி வரவில்லையென்றாலும் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஒரு வருஷம் கூடும். என் மாணவர்களில் அப்படிப் போய் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

அரையாண்டிலும் இதே மூன்று இடத்தில், இதே மாதிரி இடறினால் எனக்கு எழுதுங்கள், அப்போது வேறு விதமாக யோசிப்போம். புது இடத்தில் இடறினால் கவலைப்படாதீர்கள், அது முன்னேற்றம்தான்.

இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். அந்த நாலாவது பக்கத்தை அவள் முன்னால் வைத்து, அவள் கோடு போட்டு அடித்துவிட்ட அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அது சரியான விடை என்று கணக்கு டீச்சர் ஒருத்தர் சொன்னார் என்று சொல்லுங்கள். டிசம்பரில் அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அடித்துவிட்ட இடங்களையும் விடாமல் எடுங்கள், நான் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.